கோத்தகிரியில் வழிகாட்டியுடன் ஒரு நாள்: கொடுத்த காசுக்கு எது தேறும், எது தேறாது

நீலகிரிக்கு வரும் பயணிகளில் பெரும்பாலோருக்குக் கோத்தகிரி என்பது மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போதோ இறங்கும்போதோ தேநீர் குடிக்க வண்டியை நிறுத்தும் ஊர் மட்டுமே. ஊட்டியின் நெரிசலுக்கு அஞ்சி இந்தப் பக்கம் ஒதுங்குவோர் கூடிவிட்டதால், வண்டி, வழிகாட்டி, காட்டு நடை, மதியச் சாப்பாடு, கயிற்றுச் சாகசம் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் அடக்கித் தரும் சிறு நிறுவனங்கள் இப்போது அங்கே பல இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றின் மூலம் டிசம்பர் முதல் வாரத்தில் நாங்கள் குடும்பமாகச் சுற்றி வந்தோம். ஏறக்குறைய இதே நிகழ்ச்சி நிரலை, ஏறக்குறைய இதே விலைக்கு, வேறு சிலரும் நடத்துகிறார்கள் என்பதாலும், நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி இந்த வகைச் சுற்றுலாவுக்கே பொதுவானவை என்பதாலும், நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

கட்டணம் தலைக்கு 2,600 ரூபாய். வண்டி, நாள் முழுவதும் உடன் வரும் வழிகாட்டி, லாங்வுட் சோலைக்கான வனத்துறைக் கட்டணம், மதிய உணவு, தேயிலைத் தொழிற்சாலை நுழைவு ஆகியவை இதில் அடக்கம். கம்பியில் தொங்கிச் சறுக்கிப் போகும் ஜிப் லைனுக்கு மட்டும் தனியே 600 ரூபாய். எங்கள் குழுவில் பள்ளிக்குப் போகும் மகளும், எழுபதை நெருங்கும் மாமனாரும் இருந்ததால், முன்பதிவு செய்யும்போதே நடை எவ்வளவு கடினம், படிகள் உண்டா, கழிப்பறை எங்கெங்கே உண்டு என்று கேட்டேன். தொலைபேசியில் பேசிய பெண் எதையும் மழுப்பாமல், சோலைக்குள் கழிப்பறை கிடையாது, பாதை வழுக்கும், முழங்கால் வலி உள்ளவர் கைத்தடி கொண்டு வர வேண்டும் என்று நேராகச் சொன்னார். விற்கிறவர் இப்படிப் பேசுவது அரிது என்பதால் இதை முதலிலேயே பதிவு செய்கிறேன்.

காலை ஏழு மணிக்கு விடுதி வாசலுக்கு வண்டி வந்துவிட்டது. வழிகாட்டி நடுத்தர வயதுப் படுகர். ஊருக்கு வெளியே சிறிதளவு தேயிலை வைத்திருப்பவர். ஏறியதும் ஆளுக்கொரு எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தார். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரி மாவட்டத்தில் தடை இருப்பதை அறியாமல் வந்து, சோதனைச் சாவடியில் அபராதம் கட்டிவிட்டுச் சினத்தோடு மலை ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

முதல் இடம் லாங்வுட் சோலை. இந்த நாளின் மொத்த மதிப்பும் என் கணக்கில் இங்கேதான் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில், சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் நெருக்கி நிற்க, நடுவே 116 ஹெக்டேர் பரப்பில் எஞ்சியிருக்கும் சோலைக்காடு இது. 2024 ஜனவரி இறுதியில் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தோடு சேர்த்து இதையும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் அறிவித்தார்கள். ஏரியும் இல்லை, சதுப்பும் கண்ணில் படவில்லை, மலையுச்சிக் காட்டுக்கு ஏன் ஈரநிலத் தகுதி என்ற கேள்வி என் கணவருக்கு வந்தது. அதற்கான விடை காட்டுக்குள்ளேயே கிடைத்தது.

சோலைக்குள் நாமாக நுழைய முடியாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 நடைபாதைகளுடன் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் லாங்வுட் சோலையும் ஒன்று. அந்த வகையில் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் ஒருவர் வாயிலில் எங்களுடன் சேர்ந்துகொண்டார். அவர் முதலில் செய்த வேலை பேச்சை நிறுத்தச் சொன்னதுதான். “அக்கா, செண்ட்டு அடிச்சிருந்தா அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா போனை மட்டும் சைலண்டில் போட்டுருங்க. காலையில மாடு இந்த வழியாத்தான் இறங்கியிருக்கு” என்றார். மாடு என்று அவர் சொன்னது காட்டெருமையை. சேற்றில் பதிந்திருந்த குளம்புத் தடத்தின் ஓரம் இன்னும் சரியாமல் இருப்பதையும், அதற்குள் தண்ணீர் ஊறி நிறையாமல் இருப்பதையும் காட்டி, விலங்கு கடந்து போய் அதிக நேரம் ஆகவில்லை என்று என் மகளுக்கு விளக்கினார். அடுத்த கால் மணி நேரம் அவள் தரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

சோலைக்காடு என்பதை வெறும் அடர்ந்த காடு என்று எண்ணிக்கொண்டு போகிறவருக்கு முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். மரங்கள் வானளாவ நிற்பதில்லை. குட்டையாக, முறுக்கிக்கொண்டு, ஒன்றின் கவிகை இன்னொன்றோடு இடைவெளியின்றிப் பின்னி, உள்ளே அரையிருட்டை உண்டாக்கி நிற்கின்றன. கிளைகள் எங்கும் பாசியும் பெரணியும் ஆர்க்கிட் செடிகளும் படர்ந்திருக்கின்றன. இளைஞர் ஒரு பட்டுப்போன மரத்தின் மேல் தடித்திருந்த பாசியை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். முந்தைய இரவு மழை இல்லாதிருந்தும், தண்ணீர் அவர் மணிக்கட்டு வழியாக வழிந்து சட்டைக் கையை நனைத்தது. மழையும் மூடுபனியும் தரும் ஈரத்தை இந்தப் பாசியும், அடி மண்ணில் மக்கிக் கிடக்கும் இலைச் சருகும் பிடித்து வைத்து, கோடையிலும் ஓடைகளில் மெல்ல மெல்ல விடுகின்றன. கீழே உள்ள பல ஊர்கள் குடிக்கும் நீர் இந்தச் சோலையிலிருந்து இறங்குவது. ராம்சார் பற்றிய கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான விடை வேண்டியதில்லை.

அவர் காட்டிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோலையின் ஓரத்தில் ஓரிடத்தில் நின்று, ஒருபுறம் சோலை மண்ணையும் மறுபுறம் கற்பூர மரங்களும் (யூகலிப்டஸ்) சீகை மரங்களும் (வாட்டில்) நட்ட நிலத்தையும் மிதித்துப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் கால் அமிழ்ந்தது. மற்றொன்றில் குச்சிகள் முறிந்தன. வெள்ளைக்காரன் காலத்திலும் அதன் பிறகும் விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் தொழிற்சாலைத் தேவைக்காகவும் நீலகிரியின் புல்வெளிகளிலும் சோலைகளிலும் நடப்பட்ட அயல் மரங்கள் மலையின் நீரோட்டத்தை எப்படி மாற்றின என்பதைக் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். பாதத்தில் உணர்ந்தது இதுவே முதல் முறை.

பறவைகளைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. நீலகிரியையும் அதை ஒட்டிய மலைகளையும் தவிர வேறெங்கும் காண முடியாத நீலகிரிச் சிரிப்பானின் குரல் புதர்களுக்குள்ளிருந்து தொடர்ந்து கேட்டது. பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் வாலை மட்டும். கருப்பும் ஆரஞ்சும் கலந்த ஈப்பிடிப்பான் ஒன்று மட்டும் எங்களைப் பொருட்படுத்தாமல் பாதையோரக் கிளையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தது. தொலைநோக்கியை நிறுவனம் தருவதில்லை. 2,600 ரூபாய் வாங்குகிறவர்கள் குழுவுக்கு ஒன்றாவது கொடுக்கலாம்.

அட்டைகளைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்ததும், முழங்கால் வரை இழுத்துக் கட்டும் துணி உறைகளைக் கொடுத்ததும் நல்ல ஏற்பாடு. என் மாமனாருக்கு மட்டும் அளவு சரியாக அமையவில்லை. இரண்டு அட்டைகள் உள்ளே புகுந்துவிட்டன. “ஐயா, பிடிச்சு இழுக்காதீங்க, அதுவா விழட்டும்” என்று சொல்லி, இளைஞர் சிறிது உப்பைத் தூவி விழச் செய்தார். வழுக்கும் இடங்களில் அவர் கையைப் பிடித்து அழைத்துச் சென்ற பொறுமையும், நாங்கள் மெதுவாக நடந்ததற்காக ஒரு முறைகூடக் கடிகாரத்தைப் பார்க்காததும் பாராட்டத்தக்கவை. கடிகாரத்தைப் பார்த்தவர் நிறுவனத்தின் வழிகாட்டிதான். ஏனெனில் அவருடைய பட்டியலில் இன்னும் ஐந்து இடங்கள் மிச்சம் இருந்தன. இந்தத் தொகுப்பின் அடிப்படைக் கோளாறு இதுவே. மூன்று மணி நேரம் நின்று பார்க்க வேண்டிய ஓர் இடத்தை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, பத்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய இடங்களுக்காக வண்டியில் உட்கார வைக்கிறார்கள்.

அடுத்து கன்னேரிமுக்கில் சல்லிவன் நினைவகம். கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து, திம்பட்டிப் பள்ளத்தாக்கை ஒட்டி அமைத்த பெத்தக்கல் பங்களா இது. ஊட்டியில் அவர் வீடு கட்டியது இதற்குப் பிறகே. புதுப்பிக்கப்பட்டு, பழைய ஒளிப்படங்களும் தோடர், கோத்தர், இருளர், குறும்பர், படுகர் வாழ்க்கையைச் சொல்லும் பொருள்களுமாகச் சிறு காட்சிக்கூடமாக இருக்கிறது. நீலகிரியின் வரலாறே சல்லிவன் காலடி வைத்த நாளில் தொடங்குவதுபோல் பேசும் வழக்கம் சுற்றுலா வழிகாட்டிகளிடம் உண்டு. எங்கள் வழிகாட்டி அப்படிப் பேசவில்லை. துரை வந்தபோது அவருக்கு வழி காட்டியவர்கள் யார், அவர் வாங்கிய நிலம் அதற்கு முன் யாருடையது என்று தம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதைச் சொன்னார். அரை மணி நேரம் போதுமான இடம். அரை மணி நேரமே ஒதுக்கியிருந்தார்கள்.

கேத்தரின் அருவியைப் பற்றி விளம்பரத்தில் உள்ள படத்தை நம்பி வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 250 அடி உயரத்திலிருந்து கல்லாற்றின் மேல் விழும் இந்த அருவி, கோத்தகிரியில் காபித் தோட்டத்தைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் காக்பர்ன் துரையின் மனைவி பெயரைத் தாங்கியது. அதன் முழு உருவத்தையும் எதிர்ப்புறத்தில் குன்னூர் டால்பின் மூக்குக் காட்சிமுனையிலிருந்துதான் பார்க்க முடியும். அரவேணு பக்கத்திலிருந்து போனால் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே நின்று தொலைவில் அருவியைப் பக்கவாட்டில் பார்க்கலாம், அவ்வளவே. விளம்பரத்தில் இருப்பதோ டால்பின் மூக்கில் எடுத்த படம். கிழக்குச் சரிவில் இருப்பதால் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியம். ஆகவே டிசம்பரில் தண்ணீர் நிறைய விழுந்தது. மார்ச்சுக்கு மேல் போகிறவர்கள் இந்த நிறுத்தத்தை விட்டுவிடலாம்.

மதியச் சாப்பாடு ஒரு படுகர் வீட்டுத் திண்ணையில். ராகிக் களியும், அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பும், கீரையும், சோறும், ரசமும், கெட்டித் தயிரும் பரிமாறினார்கள். களியை உருட்டிக் குழம்பில் தொட்டு மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று அந்த வீட்டு அம்மா என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். உணவகத்தில் உட்கார வைத்திருந்தால் நிறுவனத்துக்கு இன்னும் செலவு குறைந்திருக்கும். அதைச் செய்யாமல் இந்த வீட்டுக்குப் பணம் போகும்படி ஏற்பாடு செய்திருப்பது சரியான முடிவு.

சாப்பிட்ட கையோடு ஜிப் லைன். இங்கேதான் எனக்கு முழு அதிருப்தி. தனியார் தோட்டம் ஒன்றில், இரு மேடுகளுக்கு இடையே பள்ளத்தின் மேல் கம்பி கட்டியிருக்கிறார்கள். காட்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சேணம் மாட்டிவிட்ட பையன் யாருடைய எடையையும் கேட்கவில்லை. என் மகளுக்குக் கொடுத்த தலைக்கவசத்தின் நாடி வார் தேய்ந்துபோய்க் கொக்கியில் நிற்காமல் நழுவியது. மாற்றித் தரும்படி கேட்டதற்கு, “ஒண்ணும் ஆகாதுக்கா, அரை நிமிசம்தான்” என்று பதில் வந்தது. கம்பியோடு இணைக்கும் காராபினர் என்னும் கொக்கியின் திருகு முழுவதும் பூட்டப்பட்டிருக்கிறதா என்பதை இரண்டாவது ஆள் ஒருவர் தொட்டுப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது இந்த விளையாட்டின் அடிப்படை நடைமுறை. அங்கே இரண்டாவது ஆளே இல்லை. மகளை அனுப்ப மறுத்துவிட்டேன், அவள் அழுதாள். வழிகாட்டி உடனே தலையிட்டு, அவளுக்கான 600 ரூபாயைத் திருப்பி வாங்கித் தந்தார். ஜிப் லைனை நடத்துகிறவர்கள் வேறு, சுற்றுலா நிறுவனம் வேறு என்று பிறகு தொலைபேசியில் விளக்கம் சொன்னார்கள். பயணி பணம் கட்டுவது ஒருவரிடம், பொறுப்பு இன்னொருவரிடம் என்றால், கட்டணம் வாங்குகிறவர்தான் அந்த வாரையும் திருகையும் முதலில் சோதித்திருக்க வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் தலைக்கவசத்தை மாட்டியபின் தாமே ஒரு முறை இழுத்துப் பார்ப்பதும், கீழே இரண்டாவது பாதுகாப்புக் கயிறு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பதும் அவசியம்.

தேயிலைத் தொழிற்சாலை பாதி பயனுள்ளது. பறித்த பச்சை இலையை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி இரவு முழுவதும் வாட வைக்கும் பகுதியை நெருங்கியதுமே, பச்சை வாசனை மாறிப் பழ வாசனை வீசியது. பிறகு உருட்டல், நிறம் மாறப் பரப்பி வைத்தல், உலர்த்தல், சலித்துத் தரம் பிரித்தல். ஆர்த்தடாக்ஸ் முறையில் இலை முறுக்கப்படுகிறது, சி.டி.சி. முறையில் பல் வைத்த உருளைகளுக்கு இடையே நசுங்கிக் கிழிந்து குருணையாகிறது. இவ்வளவும் தெளிவாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, கடைசியில் சுவைத்துப் பார்க்க ஏலக்காயும் சர்க்கரையும் பாலும் கலந்த தேநீரைக் கொடுத்தார்கள். புவிசார் குறியீடு பெற்ற நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலையின் மணத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டு, அதைக் கண்டுபிடிக்கவே முடியாத ஒரு பானத்தைக் கையில் திணிப்பது என்ன நியாயம் என்று தெரியவில்லை. இரண்டு வகையையும் பால் சேர்க்காமல் சிறு கோப்பையில் கொடுத்திருந்தால், மேலே சொன்ன பாடம் நாக்கில் நின்றிருக்கும்.

அங்கே கற்றதைவிட அதிகம் வண்டியில் கற்றோம். பச்சைத் தேயிலைக்குத் தொழிற்சாலை தரும் விலை, பறிக்கும் ஆள் கூலி, உரச் செலவு ஆகியவற்றைத் தம் சொந்தத் தோட்டக் கணக்காகவே வழிகாட்டி சொன்னார். நீலகிரியின் தேயிலையில் பெரும்பங்கு சிறு விவசாயிகளிடமிருந்து வருகிறது என்பதும், அவர்களில் பலர் இன்ட்கோசர்வ் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கு இலை போடுகிறார்கள் என்பதும், விலை கட்டாமல் தோட்டத்தைக் கேரட்டுக்கோ வீட்டு மனைக்கோ மாற்றுகிறவர்கள் கூடிவருகிறார்கள் என்பதும், சன்னலுக்கு வெளியே தெரிந்த சரிவுகளை வைத்தே புரிந்தது. தொழிற்சாலையை அடுத்துக் கொண்டு நிறுத்திய கடையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வீட்டுச் சாக்லேட், நீலகிரித் தைலம், வர்க்கி; விலை கோத்தகிரிக் கடைத்தெருவைவிடக் கூடுதல். அதற்காக நாற்பது நிமிடம் போனது.

அந்த நாற்பது நிமிடத்தின் விலையைக் கோடநாட்டில் கொடுத்தோம். கோத்தகிரியிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர், வழியெங்கும் தேயிலை. மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதாவின் எஸ்டேட் எங்கே என்று வண்டியில் ஏறும் ஒவ்வொரு குழுவும் கேட்கும்போலும். நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே வழிகாட்டி கையைக் காட்டி, “அதோ, ஆனா அங்க நிறுத்த முடியாது” என்று முடித்துவிட்டார். காட்சிமுனையை அடைந்தபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி. நீலகிரி மலையின் கிழக்கு விளிம்பில், மாயாற்றுப் பள்ளத்தாக்கு சடாரென்று கீழே இறங்கும் இடம் இது. பனி விலகிய சில நிமிடங்களில் மாயாறு ஒரு கோடாகத் தெரிந்தது. அதன் கரையில் தெங்குமரஹடா ஊரின் வயல்கள் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. ரங்கசாமித் தூண் என்னும் நெடிய பாறை அரைகுறையாகத் தலை காட்டியது. தெளிவான நாளில் பவானிசாகர் நீர்த்தேக்கம் வரை தெரியும். தெங்குமரஹடா நிர்வாகத்தில் நீலகிரியைச் சேர்ந்தது என்றாலும், அங்கே போக வேண்டுமானால் மலையிறங்கி, பவானிசாகர் வழியாகப் புலிகள் காப்பகத்துக்குள் புகுந்து, மாயாற்றைப் பரிசலில் கடந்துதான் மக்கள் போய்வந்தார்கள் என்று வழிகாட்டி சொன்னதை, மேலிருந்து அந்த ஊரைப் பார்த்தபடியே கேட்டபோது அந்தத் தொலைவின் பொருள் விளங்கியது.

பிற்பகலில் இங்கே பனி மூடுவது எல்லோரும் அறிந்தது, வழிகாட்டியும் மறுக்கவில்லை. காலை ஏழு மணிக்குக் கோடநாடு, அங்கிருந்து திரும்பி லாங்வுட் சோலை என்று வரிசையை மாற்றினால் பள்ளத்தாக்கு முழுதாகத் தெரியும். பறவைகள் சற்றுக் குறையலாம்; எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு அது பெரிய இழப்பு அல்ல. தற்போதைய வரிசை, தொழிற்சாலைக்கும் கடைக்கும் ஜிப் லைனுக்கும் வசதியான நேரத்தைக் கொடுத்துவிட்டு மலைக்கு மிச்ச நேரத்தைக் கொடுக்கிறது.

ஓட்டுநரைப் பற்றி ஒரு வார்த்தை. வளைவுகளில் முந்தவில்லை, இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடவில்லை, கைபேசியைத் தொடவில்லை. மழைக்காலத்தில் இந்த மலைச் சாலைகளில் மண் சரிவது புதிதல்ல. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை உள்ளூர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. புதிதாக வெட்டிய மண்மேட்டுக்குக் கீழே ஒருவர் ஒளிப்படம் எடுக்க நிறுத்தச் சொன்னபோது, ஓட்டுநர் மறுத்து, நூறு மீட்டர் தள்ளி நிறுத்தினார்.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியூர் வாகனங்கள் வர இ-பாஸ் தேவை. 2025 கோடையில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் இருந்தது. சொந்த வண்டியில் வருகிறவர்கள் புறப்படுவதற்கு முன்பே அதை எடுத்துவிட வேண்டும். கோடைக் காலத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறிக் கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் போக்குவரத்தை நடைமுறைப்படுத்துவது வழக்கம் என்பதால், நேரத்தைக் கணக்கிடும்போது அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நடக்க முடிந்த பெரியவர்களுக்குச் சோலை நடை பொருந்தும்; கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குப் பொருந்தாது.

இரண்டு வழிகாட்டிகளுக்காகவும் மதியச் சாப்பாட்டுக்காகவும் 2,600 ரூபாய் அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். மற்றவற்றுக்காகவே என்றால் அதில் பாதியும் அதிகம். ஊர் திரும்பியதும் உரிமையாளரிடம் பேசி, ஜிப் லைன், தொழிற்சாலை, கடை மூன்றையும் நீக்கிவிட்டு, காலையில் கோடநாடும் பிறகு அவசரமில்லாத சோலை நடையும் மட்டும் வைத்து ஒரு நாள் அமைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். நான்கு பேருக்குக் குறையாமல் இருந்தால் தலைக்கு 2,100 ரூபாய்க்குச் செய்து தருவதாகவும், வனத்துறை முன்பதிவுக்காக இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும் என்றும் அவர் சொன்னார். விளம்பரத்தில் இந்த ஏற்பாடு இல்லை, கேட்டால்தான் கிடைக்கும்.